நான்கு முறை சொன்னவளைத் தேடி வெள்ளிமலைக்கு

காலை 6.40. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் கச்சிராயபாளையம் பஸ் ஏறும்போது என் பையில் ஒரு ஃபைலும் கால் கிலோ மிக்சரும் இருந்தன. மிக்சர் அலமேலுவின் மகளுக்கு. அலமேலு என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை, இங்கே எழுதுவதற்காக நான் வைத்த பெயர்.

போன ஆடியில் கணவன் அடித்து, மணிக்கட்டு உடைந்து மலையிலிருந்து இறங்கி வந்தவள் அவள். நடந்ததை மருத்துவமனையில் சொன்னாள். காவல் நிலையத்தில் சொன்னாள். இலவசச் சட்ட உதவி செய்கிற ஓர் அமைப்பில் சொன்னாள். நான்காவதாக, நான் வேலை பார்க்கும் பெண்கள் காப்பகத்தில் என்னிடம் சொன்னாள். "செவ்வாய்க்கிழமையா, புதனா?" என்று நடுவில் நிறுத்திக் கேட்டவள் நான்தான். எட்டு வயதில் மகள் ஒருத்தி உண்டு என்று எழுதிக்கொண்டேன். அலமேலுவின் அம்மா வீட்டில் இருப்பாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எங்கள் காப்பகத்தில் குழந்தைகளைத் தங்கவைக்க இடமில்லை. அதற்கு வேறோர் அமைப்பு இருக்கிறது. அவர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் காலை அவள் கட்டில் காலியாக இருந்தது.

இப்போது இந்த இடங்களைச் சேர்ந்த நாங்கள் எல்லோரும் ஒன்றாக வேலை செய்வதென்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒரே ஃபைல், ஒரே விசாரணை. அதற்குப் பிறகான முதல் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தி வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார்கள். நான் அலமேலுவை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டேன்.

7.25. கச்சிராயபாளையம். பதினைந்து கிலோமீட்டர் வந்திருந்தேன். நான்கு இட்லி, ஒரு டீ, நாற்பது ரூபாய். வெள்ளிமலை பஸ் போய்விட்டதால் ஜீப்பில் ஏறினேன், தலைக்கு அறுபது ரூபாய். மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலிருந்த மரவள்ளி மூட்டை என் தோளில் சாய்ந்தது.

ஃபைலைப் பார்த்துவிட்டு டிரைவர் கேட்டார்: "இன்னா மேடம், பொம்பளைங்க பிரச்னையா? போன வாரம்கூட ஒரு டீம் வந்தாங்க. நீங்க வேற ஆபீசா?"

"ஆமா, வேற."

"அதுக்கு முந்தின வாரம் ரெண்டு மேடம் வந்தாங்க. எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டுக்கினு போறாங்க. ஒண்ணா வந்தா ஒரே ஜீப்புல முடிஞ்சிடும்ங்க."

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

9.10. வெள்ளிமலை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை, இருபுறமும் அறுத்து முடித்த சாமைக் கொல்லைகள். அலமேலு இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாய் விரித்து உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் அமர்ந்தாள். நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவள் முகத்தில் எந்த அசைவும் இல்லை. கோபம் என்று நினைத்தேன்.

மகள் உள்ளேயிருந்து வந்து அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு அந்தக் காது கேக்காதுங்க. இந்தப் பக்கம் வந்து பேசுங்க."

"எப்போதிலிருந்து?" என்று கேட்டேன். அலமேலுவே சொன்னாள்: "உங்ககிட்டேருந்து திரும்பி வந்தேனே, அன்னிக்குத்தாங்க. வாசல்ல கால வச்சதும் அறைஞ்சான். அப்புறம் அண்ணன் வந்து எங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வந்துட்டாரு."

"ஏன் அலமேலு திரும்பிப் போனே?"

"புள்ள அவன்கிட்டதானே இருந்துச்சு?"

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். மனப்பாடம் பண்ணி வந்ததையே சொன்னேன்: கூட்டம், ஐந்து நிமிடம், போக்குவரத்துச் செலவு எங்களுடையது, பெயர் வெளியே வராது.

அவள் கோபப்படவில்லை. "நாலு எடத்துல சொன்னேன். நீங்களும் எழுதிக்கினீங்க. அஞ்சாவதா மைக்குல சொல்லணுமா? நான் வரலைங்க."

பையிலிருந்த ஃபைலைத் தொடவே கூசியது. மிக்சரை மகளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப எழுந்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே எவளாவது இறங்கி வந்தா, புள்ள எங்க இருக்குதுன்னு மொதல்ல கேளுங்க. அடிச்ச கதைய அப்புறம் கேக்கலாம்."

நண்பகல் 12.30 பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினேன். மலைப்பாதையில் ஃபைலைத் திறந்து பொதுப் படிவத்தைப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் கூடிக் கூடித் தயாரித்தது. மொத்தம் முப்பத்திரண்டு கேள்விகள். குழந்தைகள் பற்றியது இருபத்தேழாவது, அதுவும் எண்ணிக்கை மட்டும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்தப் பெண் வரவில்லை என்றேன். அவள் சொன்னதை மட்டும் சொன்னேன். முதல் கேள்வியாக அது சேர்க்கப்பட்டது. ஒருவரும் மறுக்கவில்லை, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒப்பந்தத்தால் கிடைத்த முதல் பலன் என்று ஒருவர் மகிழ்ந்தார். என்னால் மகிழ முடியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒப்பந்தம் எதற்கு? அந்த ஒன்பது நாளும் தினம் காலையில் அவளுக்கு டீ கொடுத்தது நான்தான். ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.