டின் பாலுக்காக ஜெபித்தேன், நாற்றுமேடை கிடைத்தது

பிரியமானவர்களே, மல்லிகாவின் மூத்த பிள்ளைக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுத்தது நான்தான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் நான் ஆயா. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 1998 ஐப்பசியில் ஒரு நாள், மல்லிகா தூரத்து மலையில் நின்றாள். அவளுடைய நான்கு மாதப் பிள்ளை கவிதா கத்திய கத்தலில் மற்றப் பிள்ளைகளும் எழுந்துவிட்டன. "தாய்ப்பால் மட்டுந்தான் அக்கா, வேற எதுவும் குடுத்துறாதீங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். ஆனால் எனக்கு எப்போதும் என்னைவிடக் கெட்டிக்காரி கிடையாது என்ற நினைப்பு. எத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள் நான்! கொஞ்சம் பால் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கரைத்துக் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் முகம் வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. மூச்சு இழுத்தது. கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை என் மடியில் கிடந்தாள். "ஆண்டவரே, இவளை எடுத்துக்கொள்ளாதேயும்." வழி முழுக்க இது ஒன்றுதான் என் ஜெபம். கர்த்தர் கேட்டார். பிள்ளை பிழைத்தாள்.

அங்கே இருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா, "பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். மாட்டுப்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் விளக்கினார். ஆனால் தோட்டத்துக்குத் திரும்பியதும் என் பேச்சு மாறியது. கேட்டவர்களிடமெல்லாம், "அது இழுப்புக் குடும்பம், அவங்க ரத்தமே அப்படித்தான்" என்றேன். மல்லிகாவின் புருசனுக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, இருந்தது நிஜம். அந்த நிஜத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

மல்லிகா சண்டைக்கு வரவில்லை. அடுத்த நாளிலிருந்து பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். சபையில் அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. மூன்று வருடம் இப்படியே போனது.

2001இல் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தான். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களோ மொனராகலைப் பக்கம் போய்விட்டார்கள். பிள்ளையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு வேற போக்கு இல்ல அக்கா. அதான் வந்தேன்."

டாக்டரம்மா சொன்னதையும் சொன்னாள். அப்பாவுக்கு இழுப்பு, அக்காவுக்குப் பால் ஆகாது. அதனால் இவனுக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். முடியாமலே போனால், பாலில் உள்ள புரதத்தை உடைத்துச் செய்த தனிப் பால்மா ஒன்று டின்னில் வருகிறது. சாதாரண டின் பால் வேண்டவே வேண்டாம்.

என் மூளை சும்மா இருக்குமா? ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று ஆடு கூட விசாரித்து வைத்துவிட்டேன். நல்லவேளை, கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆட்டுப்பாலும் வேண்டாமம்மா. அதுவும் கிட்டத்தட்ட அதே மாதிரித்தான்."

அப்புறம் அந்த டின்னைக் கேட்டு ஜெபிக்க ஆரம்பித்தேன். பதுளையில் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். கொழும்புக்குப் போன பாஸ்டரின் தம்பி கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரே ஒரு கடையில் இருந்ததாம், அதுவும் காலாவதியானது. எனக்குக் கோபம் வந்தது. கர்த்தரிடம்தான். ஒரு டின் அவருக்குப் பெரிய காரியமா?

மல்லிகா வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, சபையில் முழங்காலில் இருந்தேன். அப்போது மனதில் ஒன்று தெளிவாக விழுந்தது. டின் எதற்கு? அம்மா தூரத்தில் இருப்பதால். அம்மா கிட்டத்தில் இருந்தால்? பிள்ளைக்காம்பராவை ஒட்டித்தான் தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடை இருக்கிறது. அங்கே வேலை போடுவது கணக்கப்பிள்ளை. ஏன் என்று கேட்பார். எல்லார் முன்னாலும் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு டின்னே தேவலாம் என்றிருந்தது எனக்கு.

ஆனாலும் திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றேன்.

"என்ன ஆயாம்மா, பெரட்டுல உங்களுக்கு என்ன வேல?"

"மல்லிகாவ நாத்துமேடையில போடுங்கய்யா. புள்ள அழுதா ஓடி வந்து பால் குடுக்கணும்."

"எல்லாருந்தான் புள்ள பெக்குறாங்க. இவங்களுக்கு மட்டும் என்ன?"

சொல்லிவிட்டேன்.

"மூத்த புள்ளைக்கு அவ வேணாம்னு சொல்லியும் டின் பால் குடுத்தது நாங்கய்யா. அந்தப் புள்ள சாகப் பாத்துச்சு. அவங்க குடும்பத்து மேல பழிய போட்டதும் நான்தான். இன்னொருக்கா அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

கணக்கப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி. மல்லிகா, நாத்துமேடை" என்றார். மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்று முதல் பையன் சிணுங்கினால் நான் வாசலில் நின்று ஒரு சிவப்புத் துவாயை ஆட்டுவேன். மண்கையைக் கழுவிக்கொண்டு மல்லிகா ஓடி வருவாள். ஆறு மாதம் ஆகும் வரை வேறு எதுவும் அவன் வாயில் படவில்லை. பிறகு சோறும் கரட்டும் ஒவ்வொன்றாகப் பழக்கினோம். மாட்டுப்பாலை மட்டும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு வயதானதும் போனோம். மல்லிகா என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

கிண்ணத்தில் கொஞ்சம் பால். மல்லிகா கரண்டியை எடுத்தாள், வைத்தாள்.

"நீங்க குடுங்க அக்கா."

"நானா?"

"நீங்கதான்."

அழுதுகொண்டே கொடுத்தேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வீக்கம் இல்லை, தடிப்பு இல்லை. இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

கவிதாவும் இப்போது பால் தேத்தண்ணி குடிக்கிறாள். தம்பிக்கு வராமல் போனது தாய்ப்பாலாலா, அக்காவுக்கு வளர வளரத் தானாகச் சரியானதா என்பதை டாக்டர்கள் சொல்லட்டும். நான் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். இப்போதெல்லாம் ஒரு தாய் வேண்டாம் என்றால் எனக்கு வேண்டாம்தான். மறுபேச்சு கிடையாது.

நீங்களும் அவரிடம் தைரியமாகக் கேளுங்கள், நிச்சயம் பதில் தருவார். ஆனால் பதிலாக உங்களை ஒரு மனிதரிடம் போய்ப் பேசச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுங்கள். நான் மூன்று வருடம் போகாமல் இருந்தேன்.