இறங்குதுறையில் நடந்த கொலை

கற்பிட்டியில் பழைய குற்றங்கள் நடந்த இடங்களுக்கு, சுற்றிப்பார்க்க வந்த எங்களை நடத்திக் கூட்டிச்செல்கிறார் நஸ்ரினா. கோட்டைச் சுவரருகே ஒல்லாந்தர் காலத்துக் கள்வர்களின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர், இறங்குதுறைக்கு வந்ததும் குரலை மாற்றுகிறார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. சற்றுத் தள்ளி, படகு நிழலில் ஒரு கிழவர் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"இந்த இடத்திலதான் என்ட வாப்பாவை வெட்டினது. வலை போடுற இடத்துக்கு வந்த சண்டை. வாப்பாட பேர் கரீம்."

"வெட்டினது ஆர்?" என்று கேட்கிறேன். கொலைக் கதை கேட்க வந்தவனுக்கு அதுதானே வேண்டும்.

"பேர் சொன்னா நீங்க அவரைத்தான் நினைப்பீங்க. வாப்பாவை நினைங்க."

நான் விடுவதாக இல்லை, மறுபடியும் கேட்கிறேன். நஸ்ரினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையேந்தித் தந்தைக்காகப் பாத்திஹா ஓதுகிறார். அந்தக் கிழவரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையேந்துகிறார். ஓதி முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

அங்கிருந்து நடக்கத் தொடங்கியதும் நஸ்ரினாவின் பக்கத்தில் போய்க் கேட்கிறேன்: "அந்தப் பெரியவர் உங்கட சொந்தமோ?"

"இல்ல. மறியல்ல இருந்து, தண்டனை முடிஞ்சு வந்தவர். நீங்க கேட்ட ஆள் அவர்தான். பேர் இப்பவும் சொல்லமாட்டன்."

நான் திரும்பிப் பார்க்கிறேன். அவர் திரும்பவில்லை.

"நான் ஆக்களோட வாற நேரமெல்லாம் அவரும் அந்தப் படகடியில வந்து இருக்கிறார். இருக்கட்டும். நான் வாப்பாட கதை சொல்ற இடத்தை மாத்தமாட்டன்."