ஊருக்குப் போன தங்கை

மாட்டுங்கா மார்க்கெட்டில் வேப்பிலைக் கட்டு விற்கிறார்கள். எண்ணினேன், கட்டுக்குப் பதினொரு கொத்து. அந்த வாசத்தில் தாராவியில் அம்மை பரவிய அறுபதுகளின் கோடை திரும்பி வந்துவிடுகிறது.

பள்ளி விட்டதும் எங்கள் வாத்தியார், அம்மை குத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாக அலைவார். ஒரு வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்தச் சந்து முழுவதற்கும் ஊசி. என் தங்கைக்கு அம்மை வந்தபோது அம்மா வேப்பிலையை வாசலில் கட்டாமல் பாய்க்கு அடியில் ஒளித்தாள்.

"ஆத்தா வந்திருக்கும்போது ஊசியா? வாயத் தொறந்தே, தொலிய உரிச்சிருவேன்."

மறுநாள் வகுப்பில் வாத்தியார் கேட்டார். "தங்கச்சி எங்கல?"

"ஊருக்குப் போயிருக்கா சார்."

"ஜன்னல் சீட்டு கெடச்சுதாமா மகாராணிக்கு?" வகுப்பே சிரித்தது.

அன்று மாலை ஊசிக்காரர் எங்கள் சந்துக்குள் திரும்பினார். வாத்தியார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்க ஒருத்தருக்கும் இல்ல. நம்ம பய சொல்லிட்டான்."

தங்கையோடு சேர்த்து அந்தச் சந்தில் நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். நான்கு குழிக்கும் வாத்தியார்தான் மண் தள்ளினார். கடைசிக் குழி மூடியதும் என்னிடம் வந்தார்.

"நான் உள்ள வந்து பாத்திருக்கணும்ல. என் தப்புதாம்ல."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.