உசாத்துணையில் அவள் பெயர்

மற்றவர் எழுதியதை எடுத்தால் யாரிடமிருந்து எடுத்தது என்று எழுதவேண்டும். இதை எனக்குப் படிப்பித்தது விரிவுரையாளர் இல்லை, வெள்ளவத்தையில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதி. "இரவல் சீலை கட்டிக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போனால், ஆரின்ர சீலை எண்டு சொல்லவேணுமடி" என்பாள். சொல்லும்வரை விடமாட்டாள், சரியான கரைச்சல்காரி.

முகத்துவாரத்தில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை எங்கள் பீடத்துச் சஞ்சிகையில் வந்தது. அதை அந்தப் பெண்களுக்குக் காட்டவென்று போனவளைக் கொட்டாஞ்சேனை ஆமி செக்பொயின்றில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்களாம். அதோடு சரி. பிடித்தது நாங்கள்தான் என்று சொல்ல ஒருவருமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அப்பா வந்து, லொட்ஜில் அறை எடுத்து, பொலிசுக்கும் புதுக்கடை நீதிமன்றத்துக்குமாக நாயாய் அலைந்தார்.

என் இறுதியாண்டு ஆய்வு அவளுடைய கட்டுரையை நம்பித்தான் நின்றது. அதை அவரிடம் சொன்னேன்.

"அவளின்ர பேர் வருமோ, பிள்ளை?"

"ஓம் அங்கிள். பக்கத்துக்குப் பக்கம் வரும்."

அன்றைக்குத்தான் அவர் தேத்தண்ணியை முழுதாகக் குடித்தார். பிறகு காணும்போதெல்லாம் "முடிஞ்சுதோ?" என்று கேட்பார்.

எதை எதை யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஆய்வின் கடைசியில் போடும் உசாத்துணைப் பட்டியலை விரிவுரையாளர் திருப்பித் தந்தார். குடும்பப் பெயர் முழுதாக வரவேண்டுமாம், சொந்தப் பெயருக்கு முதலெழுத்து போதுமாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை ஓர் எழுத்தாக்கிவிட்டுச் சொந்தப் பெயரை முழுதாக எழுதுகிற சனம் நாங்கள்.

"சேர், இப்பிடிப் போட்டால் கட்டுரையைத் தகப்பன் எழுதினதெண்டு ஆகிடுமே?"

"தகப்பன்ர பேரைத்தான் போடவேணும். உலகம் முழுக்க இதுதான் முறை."

உலகமாம், மண்ணாங்கட்டி! அவருடைய அறை வாசலில் நின்று சண்டை பிடித்தேன். மாற்றாவிட்டால் ஆய்வை ஏற்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டியலிலும் அவளை மேற்கோள் காட்டிய பக்கங்களிலும் மாற்றினேன்.

பைண்ட் பண்ணிய பிரதியை லொட்ஜுக்குக் கொண்டுபோனேன். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டு விரலால் வரி வரியாகத் தேடினார். பிறகு விரல் நின்றது.

"இது என்ர பேரல்லோ?"

"ஓம் அங்கிள். முறை அப்பிடி."

அடுத்த பக்கம் திருப்பினார். அதற்கடுத்த பக்கமும் திருப்பினார். எல்லாவற்றிலும் அவர்தான் இருந்தார்.

"அவள் எங்க?"

கடைசிப் பக்கத்தில், அவருடைய பெயருக்குப் பின்னால் கிடந்த ஒற்றை எழுத்தைக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை.

"பொலிசில என்ர பேரை எழுதுகினம். கோட்டில என்ர பேரைக் கூப்பிடுகினம்" என்றார். "துலைஞ்சது நான் இல்லையே, பிள்ளை."