இரண்டு நாற்காலியும் இடுப்பு வலியும்

முப்பது வருஷமாக வீடு வீடாகக் குனிந்து டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரிக்கு ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்பது வருஷம் கழித்து அவர் தங்கை வர இன்னும் மூன்றே நாள். அவளை வாசலில் நிமிர்ந்து நின்று வரவேற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை.

மனைவி அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை நாற்காலிமேல் தூக்கிப் போட்டு, இடுப்புக்கு வெந்நீர்ப் பையைக் கொடுத்தாள்.

"நீங்க ஒட்டின தரைதானே, நல்லா அனுபவிங்க."

வலி விட்டபோதெல்லாம் கூடத்துக்குள்ளேயே மெல்ல நடந்தார். மூன்றாம் நாள் சுவரைப் பிடிக்காமல் வாசலில் நின்றார்.

கார் வந்தது. தங்கை பாதி வளைந்தபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"பெட்டியைத் தூக்கினேண்ணா, அப்படியே பிடிச்சுக்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"அப்பாவுக்கும் இடதுதான். எனக்கும் இடதுதான்," என்றார் மேஸ்திரி பெருமையாக.

சாயங்காலம்வரை அண்ணனும் தங்கையும் நாற்காலிகள்மேல் கால் போட்டுப் படுத்து, ஒன்பது வருஷக் கதையையும் பேசிச் சிரித்தார்கள். வீட்டில் இருந்ததே இரண்டு நாற்காலிதான். உட்கார இடமில்லாத மனைவியும் நாத்தனார் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.