சில்வண்டுக்கு டேப் எதற்கு?

என் மேசையில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. அதற்குள் இருப்பது சில்வண்டு ஒன்று கழற்றிப்போட்ட சட்டை. முதுகில் நேர்கோடாக ஒரு கிழிசல், முன்காலில் காய்ந்த செம்மண், கண் இருந்த இடத்தில் இரண்டு கண்ணாடிக் குமிழிகள். அதைப் பார்க்கும் போதெல்லாம் ஒரு வெட்கக்கேடும் கூடவே ஞாபகம் வரும். ஐம்பது வயதைத் தாண்டிய, நாலு புத்தகம் படித்த ஒரு மனிதன், பக்கத்து வீட்டார் இல்லாத நாளில் எல்லை வேலியோரம் முழங்காலில் நின்று டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது கையும் மெய்யுமாகப் பிடிபட்டான். அந்த மனிதன் நான்தான். யாழ்ப்பாணத்தில் இதைவிடக் கௌரவமான குற்றங்கள் எத்தனையோ உண்டு.

சில்வண்டுப் பித்து எனக்குப் பிடித்தது இணுவிலில் எங்கள் வீட்டுப் பின்வளவில்தான். தொடக்கமே சறுக்கல். குசினி மூலையில் கேட்ட சத்தத்தைப் பல நாள் கைபேசியில் பதிந்து, மெய்சிலிர்த்து, கடைசியில் அது அரிசி வாளிக்குப் பின்னால் குடியிருந்த சுவர்க்கோழி என்று கண்டுபிடித்தேன். சுவர்க்கோழி இறக்கையை உரசிச் சத்தம் போடும். சில்வண்டுக்கோ வயிற்றின் இரு பக்கமும் மேளம். அதிலும் ஆண்தான் அடிக்கும்; பெண் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இதை மனைவிக்கு விளக்கியபோது, அரை மணித்தியாலமாக நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதை அவள் முகம் சொல்லியது.

ஆனால் காது பழகியபின் வளவே மாறிப்போயிற்று. உச்சி வெயிலில் வேம்பிலிருந்து இழுத்து இழுத்துக் கத்துவது ஓர் இனம். பட்டையின் நிறத்தில் திட்டுத்திட்டான இறக்கை, பக்கத்தில் போய் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்திக் கருகலில் உறுமி, நின்று, மறுபடி உறுமுவது இன்னோர் இனம். இறக்கை கண்ணாடி போல. அறிவியற்பெயர் எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே முதலாவதை ‘மத்தியான நாதஸ்வரம்’ என்றும், இரண்டாவதை ‘ஸ்டார்ட் வராத ஓட்டோ’ என்றும் நானே பெயரிட்டுக்கொண்டேன். இரண்டு பெரிய கண்களுக்கு நடுவில் மூன்று சின்னக் கண்கள் குன்றிமணிப் பொட்டுப் போலச் சிவந்திருப்பதை முதன்முதல் பார்த்த அன்று நான் சாப்பிடவே மறந்துபோனேன்.

வேலியோரம்தான் வினை பிடித்த இடம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் இருந்தார். எங்கள் இரு வளவுக்கும் நடுவே கிளுவையும் பூவரசும் கதியாலாக, அதாவது வேலித்தடியாக, நட்ட உயிர்வேலி. சில்வண்டின் குஞ்சு வருடக்கணக்காக மண்ணுக்குள் வேர்ச்சாறு குடித்து வளர்ந்து, ஒரு நாள் துளையிட்டு வெளியே வந்து, கிட்டடியில் உள்ள கதியாலில் ஏறிச் சட்டை கழற்றும். வெறும் தோல் கிடைத்த கதியாலுக்கெல்லாம் நான் சிவப்பு நூல் கட்டினேன். பிறகு, துளைக்கும் கதியாலுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க டேப்பை எடுத்தேன். மாஸ்டர் அன்று காலஞ்சென்ற தாயாருக்குச் சித்திராப் பௌர்ணமி விரதம் பிடித்துக் கீரிமலையில் முழுகப் போயிருந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டுக் காணி பிடிக்கும் ஊரில், வேலிக்கு நூல் கட்டி அளப்பவனை என்னவென்று நினைப்பார்கள் என்பதும் தோன்றவில்லை.

ஈரத் தலையும் திருநீறுமாக வந்து நின்ற மாஸ்டர் சத்தம் போடவில்லை.

“தம்பி, என்ரை அப்பா இருக்கேக்கை உங்கடை ஆக்கள் இந்த வேலியை ஒருக்கா எங்கடை பக்கம் அரக்கினவை. அந்த ஒருக்காவே காணும்.”

சில்வண்டு பார்க்கிறேன் என்றேன். அவர் டேப்பைப் பார்த்தார்.

“சில்வண்டுக்கு டேப் என்னத்துக்கு?”

நான் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டேன். வேலிக்கு மேலால் பேப்பர் கைமாறுவது அன்றோடு நின்றது. அடுத்த கிழமை அவர் வாசலில் லொறியில் கல்லும் மணலும் வந்து இறங்கின. வேலியை வெட்டி மதில் கட்டப்போகிறாராம். திங்கட்கிழமை மேசன்மார் அத்திவாரம் கிண்ட வருகிறார்களாம். நல்ல அயலவர் ஒருவரை இழந்தது ஒரு கவலை. மண்ணுக்குள் இத்தனை வருடம் காத்திருந்து, இப்போது துளைவாசல் வரை வந்துவிட்டவற்றை மண்வெட்டி கொத்தப்போகிறதே என்பது இன்னொன்று. ஒன்றுகூடச் சட்டை கழற்றுவதை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

ஞாயிறு பின்னேரம் ஒரு மழை அடித்து விட்டது. விளக்கு வைக்கும் நேரம் வேலியோரம் போனேன். பூவரசங்கதியாலில் மண் பூசிய ஒரு சின்ன உருவம், கிழவர் படியேறுவது போல நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அது ஏறியது மாஸ்டரின் பக்கத்தால். வேலிக்குள் தலையை விட்டால் என் கதை முடிந்தது. மானத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

“மாஸ்டர், ஒருக்கா டோர்ச்சோடை வாங்கோ.”

கதியாலில் கை வைத்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஓடியே வந்தார். வெளிச்சம் பட்ட அதே நேரம் அதன் முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து வெளிர்பச்சையாக ஒன்று பிதுங்கிப் பின்பக்கமாகச் சாய்ந்து, தலைகீழாகத் தொங்கி, பிறகு வயிற்றை மடக்கி எழுந்து தன் சட்டையையே பிடித்துக்கொண்டது. கசங்கிய கடதாசி போலிருந்த இறக்கை மெல்ல மெல்ல விரிந்தது. மாஸ்டர் எப்போது குந்தினார் என்று நான் கவனிக்கவில்லை. வேலியின் இரு பக்கமும் இரண்டு கிழட்டுப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

“இவ்வளவு பெரிசு உதுக்குள்ளை எப்பிடியடாப்பா இருந்தது?” என்றார். அவருக்குத் தெரிந்த கணக்கு எதிலும் அது அடங்கவில்லை. அவருடைய மனைவி தேத்தண்ணி ஆறுகிறது என்று குசினியிலிருந்து கூப்பிட்டார். “சத்தம் போடாதையப்பா, பிறக்குது” என்றார் மாஸ்டர்.

மறுநாள் மேசன்மார் திரும்பிப் போனார்கள். மாரி கழியட்டும் என்று மாஸ்டர் சொன்னதாகக் கேள்வி; மாரிக்கோ இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதற்குப்பின் பின்னேரங்களில் அவர் தன் பக்கம் பார்த்தார், நான் என் பக்கம் பார்த்தேன். தன் பக்கத்தில் தோல் கிடைத்த கதியாலுக்கெல்லாம் அவர் நீல நூல் கட்டினார். ஓட்டோ இனம் உறுமுவதற்கும் நிற்பதற்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டு வந்து என்னோடு வாதாடினார். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தோலைப் போத்தலில் போட்டு வேலிக்கு மேலால் நீட்டியவரும் அவர்தான்.

பிறகு மகள் அவரையும் மனைவியையும் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. மதில் வரவில்லை, நூல்கள் நிறம் வெளுத்துப்போயின. இந்தச் சித்திரையில் முதல் ஓட்டோ உறுமியபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கே எத்தனை மணி என்றுகூடப் பாராமல் வீடியோவில் அழைத்தேன். கம்பளித் தொப்பியோடு மாஸ்டர் தெரிந்தார். போத்தலைக் காட்டினேன், சிரித்தார். பிறகு கைபேசியை வேலியோரம் நீட்டிப் பிடித்தேன். இரண்டு, மூன்று, பிறகு வளவு முழுக்க உறுமியது. மாஸ்டர் கண்ணை மூடி நெடுநேரம் கேட்டார். என் கண் கலங்கியது. அவருக்கும் கலங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

“சத்தம் முந்தியிலும் கிட்டவாக் கேக்குது, தம்பி,” என்றார் மாஸ்டர். “வேலி பழைய இடத்திலைதானே நிக்குது?”