மாடு திரும்பி வராத கதை

அறைந்த கையே பிறகு நம்மிடம் கதை கேட்டு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்போது எனக்குப் பத்து வயது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் நைனாவுக்கு ஆரம்பாக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. கூடவே கதை எழுதும் வியாதியும் இருந்தது. விடியுமுன் எழுந்து எழுதிவிட்டுத்தான் ஏர் பூட்டப் போவார். எழுதியதை மதராசில் ஒரு பத்திரிகைக்கு அனுப்புவார். போன வேகத்தில் அது திரும்பி வரும். உடனே ஏரிக்குப் போய், சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி மூன்று முழுக்குப் போடுவார். கதையை இன்றோடு தலைமுழுகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஈரத் தலையோடு வருவார். அம்மா சோறு போடுவாள். பதினைந்து நாள் தாங்கும். அப்புறம் மறுபடியும் மைக்கூட்டைத் தேடுவார்.

அந்த வருஷம் எங்கள் செவலை மாட்டுக்குக் கால் ஊனமாகிவிட்டது. நைனா அதைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார். நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனுஷர் அதையும் கதையாக்கினார்.

அவர் வயலுக்குப் போகும்போதெல்லாம் நோட்டை எடுத்துத் திருட்டுத்தனமாகப் படித்தேன். மனப்பாடமே ஆகிவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் மட்டும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு, எட்டு மைல் நொண்டி வந்து கொட்டிலில் நிற்கிறது. வீடே சிரிக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. எங்கே வந்தது? விற்றவர் அவர், அழுதவள் நான், மாடு வந்துவிட்டதாம்! ஒருநாள் கையும் நோட்டுமாக அகப்பட்டு ஓர் அறை வாங்கினேன். கதை படிக்கிற பெண் உருப்படாதாம். எழுதுகிறவர் மட்டும் உருப்பட்டுவிட்டாரா?

அந்தக் கதையும் திரும்பி வந்தது. இந்த முறை முழுக்கு போதவில்லை. வந்த தாளையும் நோட்டையும் சேர்த்து, நெல் அவித்துக்கொண்டிருந்த அடுப்பில் செருகிவிட்டார். பேஜாரு ஒழிந்தது என்றாள் அம்மா.

ஒழியுமா? ஒரு மாசம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்த மாட்டுக் கதை உனக்கு ஞாபகத்துல கீதா?"

எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தெரியும் என்கிற பெருமை விடவில்லை. வரி வரியாகச் சொன்னேன், எழுதிக்கொண்டார். முடிவு வந்தபோது நின்றுவிட்டேன். அந்தப் பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அப்புறம் இன்னா ஆச்சி?" என்றார். கதை எழுதியவர் என்னைக் கேட்கிறார்!

"மாடு வர்ல. அந்தப் பொண்ணு தெனம் சாயங்காலம் தொட்டியில கழனித்தண்ணி ஊத்துது. காலைல அத்த எடுத்துப் பூசணிக் கொடிக்கு ஊத்துது. அவ்ளோதான்."

நான் செய்துகொண்டிருந்ததைத்தான் சொன்னேன். நைனா அப்படியே எழுதினார்.

கதை அச்சில் வந்துவிட்டது, அவர் பெயரோடு. ஊர் முழுக்கக் காட்டினார். முடிவு என் பெண் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நானும் கூடவே அலைந்தேன். ம்ஹூம்.

பத்து நாளில் முகம் தெரியாத ஒரு வாசகரிடமிருந்து கார்டு வந்தது. நைனா எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். கதை சுமார்தானாம், ஆனால் அந்தப் பெண் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற கடைசி நாலு வரிக்கு அவர் அழுதுவிட்டாராம். படிக்கப் படிக்க நைனாவின் குரல் இறங்கியது. என்னைப் பார்த்தார். இப்போதாவது சொல்வார் என்று நின்றேன். கார்டை மடித்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். ஈரத் தலையோடு வந்தவரைப் பார்த்து, இன்றைக்கு எதுவும் திரும்பி வரவில்லையே என்று அம்மா விழித்தாள்.

மறுநாள் என் பள்ளிக்கூடப் பையில் அவருடைய பவுண்டன் பேனா இருந்தது. என் வாயை அடைக்க லஞ்சம் என்று நினைத்தேன். கொண்டுபோய் அவர் சட்டைப் பையில் செருகினேன். அடுத்த நாளும் பேனா வந்தது. மறுபடியும் திருப்பிச் செருகினேன். மூன்றாம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகு நைனா ஒரு வரி எழுதவில்லை.

நானும் இப்போது எழுதுகிறேன். எத்தனையோ தடவை தலைமுழுகியும் ஆயிற்று. ஆனாலும் அவர் மேல் கோபம் தீரவில்லை. கொடுக்கிறவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டுக் கொடுக்கக் கூடாதா? இரண்டு தடவை நான் அவருக்குத் திருப்பி அனுப்பியது என்னவென்று பத்து வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?